இரவு 2 மணிக்கு விளையாடக் கூப்பிடும் பிள்ளை: ஜெட் லாக் இயங்கும் விதம்

மேற்கே நெடுந்தூரம் பறந்து போய்ச் சேர்ந்த முதல் சில இரவுகளில் இது நடக்கும். பெரியவர்கள் அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருப்பார்கள். 3 வயதுப் பிள்ளை இரவு 2 மணிக்கு எழுந்து உட்கார்ந்து, கண்ணில் தூக்கச் சாயலே இல்லாமல், விளையாட வா என்று கூப்பிடும். கிழக்கே போயிருந்தால் கதை வேறு. அதே பிள்ளை 2 மணி வரை தூங்கவே தூங்காது. காலையில் எழுப்பினால் எழவும் எழாது. பெற்றோர் அதட்டிப் பார்ப்பார்கள், தட்டிக்கொடுத்துப் பார்ப்பார்கள், கடைசியில் கைபேசியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தக் கைபேசி மறுநாள் இரவையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது.

பிள்ளை அடம் பிடிக்கவில்லை. அதன் உடம்புக்குள் அந்த நேரத்தில் நிஜமாகவே விடிந்திருக்கிறது. அந்த உள்விடியலை எந்தத் திசையில், நாளொன்றுக்கு எவ்வளவு நகர்த்தலாம் என்பதுதான் ஜெட் லாக்கின் மொத்தக் கணக்கும். கணக்கு சிறியதுதான். ஆனால் திசையில் தவறினால், 5, 6 நாளில் சரியாக வேண்டியது அதைப்போல் இரண்டு மடங்கு இழுக்கும்.

களைப்பு வேறு, ஜெட் லாக் வேறு

வடக்கிலிருந்து தெற்கே நேர்க்கோட்டில் 10 மணி நேரம் பறந்தால் உடம்பு வலிக்கும், உதடு வறளும், பிள்ளைக்குச் சிணுங்கல் வரும். ஒரு நல்ல இரவுத் தூக்கத்தில் எல்லாம் போய்விடும். இது பயணக் களைப்பு. கிழக்கிலோ மேற்கிலோ பறந்து, 15 டிகிரி தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் நேர மண்டலங்களைத் தாண்டும்போது களைப்போடு ஜெட் லாக்கும் சேர்ந்துகொள்கிறது: உள்ளே ஓடும் கடிகாரம் ஒரு நேரத்தையும் வெளியே உள்ள சூரியன் வேறு நேரத்தையும் சொல்வது. இதை எவ்வளவு தூங்கினாலும் தீர்க்க முடியாது. கடிகாரத்தை நகர்த்தித்தான் ஆக வேண்டும்.

கடிகாரம் என்பது உவமை அல்ல. மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு கொத்து ஒன்று இருக்கிறது. சூப்ராகயாஸ்மாட்டிக் நியூக்ளியஸ் என்று பெயர். அதன் ஒவ்வோர் அணுவிலும் சில மரபணுக்கள் ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. புரதம் சேரச் சேர, அதுவே திரும்பி வந்து தன்னை உண்டாக்கிய மரபணுவை அணைக்கிறது. பிறகு புரதம் சிதைந்து குறைந்ததும் மரபணு மறுபடி விழிக்கிறது. இந்தச் சுற்று ஒருமுறை முடியக் கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகிறது. பழ ஈக்களில் இந்தப் பொறியமைப்பை அவிழ்த்துக் காட்டிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவரும் 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

'கிட்டத்தட்ட' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. மனிதரில் இந்தச் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம், ஏறக்குறைய 24.2 மணி நேரம். தன்போக்கில் விட்டால் கடிகாரம் தினமும் கொஞ்சம் பிந்திப் போகும். காலை வெளிச்சம்தான் அதைத் தினமும் இழுத்து நிறுத்துகிறது. பிந்துவது அதன் இயல்பு என்பதால், பிந்த வேண்டிய மேற்குப் பயணம் எளிது: நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் வரை நகரும். முந்த வேண்டிய கிழக்குப் பயணத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் நகர்ந்தாலே நல்லது.

வெளிச்சம் எந்தப் பக்கம் தள்ளும்?

கண்ணின் விழித்திரையில் உருவம் பார்க்கும் அணுக்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட தனி அணுக்கள் உண்டு. அவற்றின் முக்கிய வேலை பொழுதறிவது. நீல ஒளியில், 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி, இவை மிகக் கூர்மையாக வேலை செய்கின்றன. இவை தரும் செய்தி நேராகக் கடிகாரக் கொத்துக்குப் போகிறது. அங்கிருந்து மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பிக்கு உத்தரவு போய், இரவு வந்ததை உடம்புக்கு அறிவிக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் இருட்டில் மட்டும் சுரக்கிறது.

பலரும் தவறவிடுவது இதற்கு அடுத்த படியை. ஒரே வெளிச்சம் கடிகாரத்தை முன்னாலும் தள்ளும், பின்னாலும் தள்ளும். எந்தப் பக்கம் என்பது, அது கண்ணில் விழும்போது உள்ளே மணி என்ன என்பதைப் பொறுத்தது. தினமும் அதிகாலையில், வழக்கமாக எழும் நேரத்துக்கு 2, 3 மணி நேரம் முன்பு, உடலின் உள்வெப்பம் மிகத் தாழ்ந்த நிலைக்கு வருகிறது. இதைத் திருப்பு நேரம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய சில மணி நேரங்களில் விழும் வெளிச்சம் கடிகாரத்தைப் பிந்த வைக்கும். அதற்குப் பிந்தைய சில மணி நேரங்களில் விழும் வெளிச்சம் முந்த வைக்கும். நடுப்பகலில் விழுவது பெரிதாக எதையும் நகர்த்தாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புறப்படும் ஊரில் பிள்ளை இரவு 8 மணிக்குத் தூங்கி காலை 6 மணிக்கு எழுகிறது. அதன் திருப்பு நேரம் ஏறக்குறைய அதிகாலை 3.30.

கிழக்கே 6 மணி நேர வித்தியாசமுள்ள ஊருக்குப் போனால், அந்த 3.30 என்பது போன இடத்தில் காலை 9.30. "போனதும் காலை வெயிலில் நிற்க வை, சரியாகிவிடும்" என்று கேள்விப்பட்ட பெற்றோர், காலை 7 மணிக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறார்கள். அந்த வெயில் திருப்பு நேரத்துக்கு முன்னால் விழுகிறது. முந்த வேண்டிய கடிகாரம் பிந்துகிறது. நல்லெண்ணத்தோடு செய்ததே தவறான திசையில் தள்ளிவிடுகிறது. செய்ய வேண்டியது: முதல் காலை அறையை நன்றாக இருட்டாக்கி 9.30 வரை தூங்க விடுவது. பிறகு எழுப்பி நேராக வெளியே கூட்டிப்போய் 12, 1 மணி வரை திறந்த வெளியில் விளையாட விடுவது. மறுநாள் எல்லையை 8.30-க்கும், அதற்கு மறுநாள் 7.30-க்கும் கொண்டுவர வேண்டும். 6-ஆம் நாள் வாக்கில் பிள்ளை காலை 7 மணியை ஒட்டித் தானாக எழும்.

மேற்கே 6 மணி நேரம் போனால், அதே 3.30 என்பது போன இடத்தில் முந்தைய இரவு 9.30. அப்போது மாலை வெளிச்சம் மருந்து. மதியம் 3 மணியிலிருந்து பொழுது சாயும் வரை வெளியே இருக்க வேண்டும். இரவு 9.30-க்குப் பிறகு கண்ணில் படும் எந்த வெளிச்சமும் கடிகாரத்தை முந்த வைத்து, பிள்ளையை மறுநாள் இன்னும் சீக்கிரம் எழுப்பும். கைபேசி இரவைக் கெடுப்பது இப்படித்தான்.

கிழக்குப் பயணத்தில் வித்தியாசம் 9, 10 மணி நேரத்தை எட்டிவிட்டால் திசையைப் பற்றிய எண்ணத்தையே மாற்றிக்கொள்வது நல்லது. கிழக்கே 10 மணி நேரம் முந்துவதும் மேற்கே 14 மணி நேரம் பிந்துவதும் கடிகார முகப்பில் ஒரே இடம்தான். நாளுக்கு ஒரு மணி வீதம் முந்தினால் 10 நாள். ஒன்றரை மணி வீதம் பிந்தினாலும் 9, 10 நாள். உடம்பு பெரும்பாலும் பிந்துவதையே தேர்ந்தெடுக்கும். அதனால் இத்தகைய பயணத்தில் காலை வெளிச்சத்தைத் தடுக்க வேண்டாம். பிற்பகலில் கொஞ்ச நேரத்தை இருட்டறையில் கழிக்க வைத்தால் போதும்.

வெளிச்சம் என்றால் எவ்வளவு? லக்ஸ் என்ற வெளிச்ச அலகில் அளந்தால், வீட்டு விளக்கு 100 முதல் 300 லக்ஸ். மேகமூட்டமான நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். வெயில் நாளில் 50,000-ஐத் தாண்டும். ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, வெளிச்சம் காட்டினோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு பக்கம், குழந்தைகளின் கண்மணி பெரிது, கண்வில்லை தெளிவானது. பெரியவருக்குப் பொருட்டில்லாத ராத்திரி விளக்கு, பள்ளி செல்லாத வயதுப் பிள்ளையின் மெலடோனினைக் கண்கூடாகக் குறைத்துவிடும்.

வயதுக்கு வயது

பிறந்து இரண்டு, மூன்று மாதம் ஆகாத சிசுவுக்கு ஜெட் லாக் என்று ஒன்று கிடையாது. பகல் இரவுச் சுழற்சியே இன்னும் உருவாகியிருக்காது. ஆறு மாதத்துக்கு மேல் கடிகாரம் உறுதியாகிவிடும். ஒரு வயது முதல் 4 வயது வரைதான் கடினமான காலம்: சுழற்சி பெரியவர்களுக்கு இருப்பதைப்போல் திடமாக இருக்கும், ஆனால் தூங்காமல் தாக்குப்பிடிக்கும் சக்தி குறைவு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளையில் தூக்கச் சுமை ஏறுகிறது. சிறு பிள்ளைகளுக்கு அந்தச் சுமை வேகமாக ஏறும், அதனால்தான் பகல் தூக்கமே தேவைப்படுகிறது. "இரவு வரை தூங்காமல் இழுத்துப் பிடி" என்ற பெரியவர்களுக்கான யோசனை இவர்களிடம் செல்லாது. மாலை 5 மணிக்குச் சாப்பாட்டுத் தட்டிலேயே தலை சாய்ந்துவிடும். பதின்ம வயதினர் நேர்மாறு. அந்தப் பருவத்தில் கடிகாரம் இயல்பாகவே பிந்திவிடுவதால் மேற்குப் பயணம் அவர்களுக்கு எளிது, கிழக்குப் பயணம் மிகக் கடினம்.

புறப்படும் முன்

மூன்று நாள் முன்பிருந்து, நாளுக்கு அரை மணி வீதம் நகர்த்தத் தொடங்கலாம். கிழக்குப் பயணமென்றால் எழுப்புவது, முதல் சாப்பாடு, வெளியே போவது, விளக்கணைப்பது நான்கையும் சேர்த்து அரை மணி முன்னால் கொண்டுவர வேண்டும். படுக்கும் நேரத்தை மட்டும் முன்னால் தள்ளிவிட்டு, காலையில் வழக்கம்போல் எழ விட்டால் ஒன்றும் நகராது. பிள்ளை இருட்டில் விழித்துக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான். மூன்று நாளில் ஒன்றரை மணி கிடைத்தால், போன இடத்தில் ஒன்றரை நாள் மிச்சம். பள்ளியும் மூட்டை கட்டுவதும் சேர்ந்து இது முடியாவிட்டால் விட்டுவிடலாம். புறப்படும் முன் மூன்று இரவு பிள்ளை முழுதாகத் தூங்கியிருப்பது அதைவிட மேல். 1 முதல் 2 வயதுக்கு ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம், 3 முதல் 5 வயதுக்கு 10 முதல் 13, 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் என்பது முழுத் தூக்கத்தின் அளவு.

போகும் இடத்தில் தங்குவது 2, 3 நாள்தான், வித்தியாசமும் 3 மணி நேரத்துக்குள் என்றால் கடிகாரத்தைத் தொடவே வேண்டாம். புறப்பட்ட ஊர் நேரத்திலேயே தூங்கவும் சாப்பிடவும் விடலாம்.

விமானத்துக்குள் நடப்பது

விமானத்தில் கடிகாரத்தை நகர்த்தப் பாடுபட வேண்டியதில்லை. பிள்ளை எப்போது தூங்கினாலும் தூங்கட்டும். பறக்கும்போது ஒரே வேலை, தூக்கக் கடனையும் உடல் வாதையையும் குறைப்பது. அதில் பெரிய பங்கு காற்றழுத்தத்துக்கு.

கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் தரைமட்ட அழுத்தம் அல்ல. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கும் அழுத்தம்தான் அங்கே இருக்கும். 8,000 அடி அளவில், தரையில் அடைபட்ட காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரிந்துவிடும். பிள்ளையின் உறிஞ்சுகுழல் வைத்த சிப்பரை இங்கே கவனிக்க வேண்டும். தரையில் பாதி நிரப்பி இறுக மூடிய சிப்பரில், மேலே இருக்கும் காற்று விமானம் ஏறும்போது விரிந்து பாலை அழுத்திக்கொண்டே இருக்கும். மடக்கிய குழலை நிமிர்த்திய மாத்திரத்தில் பால் பீறிட்டு முகத்தில் அடிக்கும். முதலில் மூடியைச் சற்றுத் திருகிக் காற்றை வெளியேற்றிவிட்டு, பிறகு குழலை நிமிர்த்த வேண்டும்.

காதுக்குள்ளும் இதே கதைதான். செவிப்பறைக்குப் பின்னால் ஒரு காற்றறை இருக்கிறது. அதைத் தொண்டையோடு இணைப்பது யூஸ்டேசியன் குழாய். விமானம் ஏறும்போது உள்ளே விரியும் காற்று அந்தக் குழாய் வழியாகத் தானே வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் சிக்கல். உயரத்தில் குடித்து முடித்த வெறும் தண்ணீர் பாட்டிலை இறுக மூடி வைத்தால், தரை இறங்கியதும் நசுங்கிக் கிடக்கும். செவிப்பறையும் அப்படியே உள்நோக்கி இழுபடுகிறது. வெளிக்காற்று உள்ளே போகக் குழாய் திறந்தாக வேண்டும். அது தானாகத் திறக்காது, விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் தசை இழுத்துத்தான் திறக்கும். சிசுக்களுக்கு இந்தக் குழாய் பெரியவர்களுக்கு இருப்பதில் பாதி நீளம்தான். குறுகலானது, ஏறக்குறையப் படுத்த வாக்கில் இருப்பது, எளிதில் வீங்கி அடைத்துக்கொள்வது.

கேபின் அழுத்தம் நிமிடத்துக்கு 300 அடி கணக்கில் இறங்கினால் 8,000 அடியைக் கடக்க 26, 27 நிமிடம் ஆகும். பால்புட்டி விஷயத்தில் தவறு நேர்வது இங்கேதான். இறங்கப் போகிறோம் என்ற அறிவிப்பு வந்ததும் முழுப் புட்டியையும் கொடுத்துவிடுகிறார்கள். பசித்த குழந்தை 5 நிமிடத்தில் குடித்து முடித்துத் தூங்கிவிடும். வலி வருவதோ அதற்குப் பிறகு. முந்தைய பாலைச் சற்றுத் தள்ளிப்போட்டு, மெதுவாக வரும் நிப்பிள் மாட்டி, தலையை நிமிர்த்தி வைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். கடைசி 10 நிமிடத்துக்கென்று 60 மி.லி. ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். தாய்ப்பாலோ வாயில் வைக்கும் ரப்பர் சூப்பானோ அதே வேலையைச் செய்யும். தூங்கும்போது விழுங்குவது குறைவதால், சளி பிடித்திருக்கும் பிள்ளையை இறக்கத் தொடக்கத்திலேயே எழுப்பிவிட வேண்டும். 4, 5 வயதுக்கு மேல் மூக்கைப் பிடித்து வாயை மூடி மெதுவாக ஊதக் கற்றுக்கொடுக்கலாம். காதில் சீழோ கடும் வலியோ இருந்தால் பயணத்துக்கு முன் மருத்துவர் காதைப் பார்த்தாக வேண்டும்.

கேபின் காற்றின் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதம்தான். மூக்கு வறண்டு சிறு பிள்ளைகளுக்கு அடைப்பு வரும். உப்புநீர்ச் சொட்டு மருந்தை 3, 4 மணி நேரத்துக்கு ஒருமுறை விட்டால் இளகும். 6 மாதம் ஆகாத குழந்தைக்குத் தண்ணீர் தர வேண்டாம். பாலையே கூடுதலாக ஒருமுறை தரலாம். ஃபார்முலா பால் என்றால் பவுடரை ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாக முன்பே அளந்து எடுத்துச் செல்வது நல்லது, ஆடும் விமானத்தில் கரண்டிக் கணக்கு தப்பிவிடும். பவுடரைக் கலக்கும் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; கலக்கிய பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். அந்தச் சூடான தண்ணீரைக் குழந்தை மடியில் இருக்கும்போது கையில் வாங்கவே கூடாது. ஒரு குலுக்கலில் தொடை வெந்துவிடும்.

டயப்பர் கணக்கு: பறக்கும் நேரத்தில் 2 மணி நேரத்துக்கு ஒன்று, தாமதத்துக்காக இன்னும் 4. மாற்றுடை குழந்தைக்கு இரண்டு. பெற்றோருக்கும் ஒரு மேல்சட்டை வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டில் வசதியை முன்பதிவு செய்தே ஆக வேண்டும். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், 10 கிலோவை ஒட்டியிருப்பது வழக்கம். சீட் பெல்ட் விளக்கு எரியும்போதெல்லாம் தூங்கும் குழந்தையைத் தூக்கியாக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எடை வரம்பைத் தாண்டிவிட்ட பிள்ளைக்கு அந்த முன்வரிசை நல்ல இடம் அல்ல. அங்கே கைப்பிடிகளை மேலே தூக்க முடியாது, பிள்ளை குறுக்கே சாய்ந்து படுக்க வழியில்லை, கிளம்பும்போதும் இறங்கும்போதும் பையைக் காலடியில் வைக்கவும் விடமாட்டார்கள். பின்வரிசையில் ஜன்னலோரம் மேல். நடைபாதை ஓரத்தில் பிள்ளையை உட்கார வைத்தால் நீட்டிய கைமீது தள்ளுவண்டி இடிக்கும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. களைத்துப்போன பெற்றோர் குழந்தையை நெஞ்சில் போட்டபடியே தூங்கிவிடுவது ஆபத்து. துணிக்குள் முகம் புதைந்தாலோ, முகவாய் நெஞ்சில் மடிந்தாலோ சிசுவின் மூச்சுவழி சத்தமில்லாமல் அடைபடும். இரண்டு பெரியவர்கள் இருந்தால் முறை வைத்துத் தூங்க வேண்டும். ஒருவர் மட்டும் போவதானால் தொட்டிலோ, விமானத்துக்கு அனுமதி பெற்ற குழந்தை இருக்கையோ இருந்தாக வேண்டும்.

தூங்க வைக்க மருந்து கொடுக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். சளி, ஒவ்வாமை மருந்துகளில் இருக்கும் டைஃபென்ஹைட்ரமின் போன்றவை சில பிள்ளைகளைத் தூங்க வைப்பதற்கு மாறாகத் துள்ள வைக்கும். மூடிய கேபினில் 8 மணி நேரம் அதைச் சமாளிக்க முடியாது. அதே வகையைச் சேர்ந்த புரோமெத்தசின் என்ற மருந்தை 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது, மூச்சை அடக்கிவிடும். கேபினில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு, தரையில் 15, 16 சதவீத ஆக்சிஜன் மட்டுமே உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். நலமான பிள்ளை அதைத் தாங்கிவிடும். மயக்கும் மருந்தோடு சேர்த்துத் தாங்க வைப்பது நியாயமல்ல.

போன இடத்தில்

முதல் இரவு நன்றாகத் தூங்கிவிட்டால், ஜெட் லாக்கே வரவில்லை என்று மகிழ்ந்துவிடக் கூடாது. முதல் இரவைத் தூங்க வைப்பது பயணத்தில் ஏறிய தூக்கக் கடன். கடன் தீர்ந்த பிறகு, இரண்டாவது மூன்றாவது இரவுகளில்தான் கடிகாரம் தன் முகத்தைக் காட்டும். முக்கியமான வேலை எதையும் அந்த நாட்களின் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மேற்குப் பயணத்துக்குப் பின் இரவு 2 மணிக்குப் பிள்ளை எழும்போது முதல் விதி, பெரிய விளக்கின் சுவிட்சைத் தொடக்கூடாது. கழிப்பறைக்குப் போகக் கதவைத் திறந்து பளீரென்ற வெள்ளை விளக்கைப் போட்டால், அந்தச் சில நிமிட வெளிச்சமே பிள்ளையை முழுதாக எழுப்பிவிடும். படுக்கும் முன்பே மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்றைத் தரையோரம், கண்ணில் நேராகப் படாதபடி வைத்துவிட வேண்டும். பசி என்றால் நம்ப வேண்டும். ஈரலுக்கும் குடலுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு; அவை சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஓடுபவை, மூளைக் கடிகாரத்தைவிட மெதுவாகத் திரும்புபவை. படுக்கையருகே இனிப்பில்லாத, சப்பென்ற சிறு தீனியை வைத்திருந்து, மங்கல் வெளிச்சத்தில், அதிகம் பேசாமல் கொடுத்துவிட்டு மறுபடி படுக்க வைக்கலாம். முழுச் சாப்பாடாகக் கொடுத்தால் குடலின் கடிகாரம் அதையே காலைச் சாப்பாடு என்று குறித்துக்கொண்டு மறுநாளும் அதே நேரத்துக்கு எழுப்பும். தூக்கம் வராவிட்டால் படுத்தபடி மெல்லிய குரலில் கதை சொல்லலாம். திரை வேண்டாம்.

கிழக்குப் பயணத்துக்குப் பின், புது ஊர் மணிப்படி இரவு 8-க்கே படுக்க வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். 6 மணி நேர வித்தியாசத்தில் அது பிள்ளைக்குப் பிற்பகல் 2 மணி. முதல் நாள் 11 மணிக்குப் படுக்க வைத்து, நாளுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி வரை முன்னால் கொண்டுவரலாம். மாலையிலிருந்தே வீட்டு விளக்குகளைக் குறைத்துவிட வேண்டும். காலையில் எழுப்பும் நேரத்தில் மட்டும் இரக்கம் கூடாது. "பாவம், தூங்கட்டும்" என்று 12 மணி வரை விட்டால் முந்த வைக்கும் வெளிச்ச நேரம் கைநழுவிவிடும், அன்றைய நாள் வீண்.

பகல் தூக்கத்தைத் தடுக்காதீர்கள், அளந்து கொடுங்கள். 5 வயதுக்குக் கீழே 60 முதல் 90 நிமிடம். சிசுக்களுக்கு ஒருமுறை 2 மணி நேரத்துக்கு மேல் போனால் எழுப்பிப் பால் கொடுக்கலாம். மாலை 4 மணிக்கு மேல் தூக்கம் தொடரக் கூடாது. எழுப்பும்போது குரல் மட்டும் போதாது. திரைச்சீலையைத் திறந்து, முகம் துடைத்து, வெளியே கூட்டிப்போக வேண்டும். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்த பிள்ளை 15, 20 நிமிடம் காரணமில்லாமல் அழும். அது தானே அடங்கும்.

மெலடோனின் தூக்க மாத்திரை அல்ல, 'இருட்டிவிட்டது' என்று கடிகாரத்துக்குச் சொல்லும் சைகை. சரியான நேரத்தில் கொடுத்தால் உதவும். தவறான நேரத்தில் கொடுத்தால் தவறான திசையில் தள்ளும். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் நாடுகளில், லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருக்கும் அளவும் பொருந்தாத தயாரிப்புகள் கண்டறியப்பட்டிருக்கின்றன. குழந்தைக்கு அதை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன மணிக்கு மட்டுமே கொடுக்க வேண்டும்.

வலிப்பு நோய்க்கோ முதல் வகை நீரிழிவுக்கோ மருந்து எடுக்கும் பிள்ளையோடு போவோர் பயணத்துக்குச் சில வாரம் முன்பே மருத்துவரிடம் மணிவாரியாக அட்டவணை எழுதி வாங்க வேண்டும். கிழக்கே போகும்போது நாள் சுருங்குகிறது, மேற்கே போகும்போது நீள்கிறது. இன்சுலின் வேளைகள் அதற்கேற்ப மாறும். தூக்கக் குறைவே வலிப்பைத் தூண்டக்கூடியது. மருந்துகள் முழுவதும் கைப்பையில் இருக்க வேண்டும். சரக்கறையில் போகும் பெட்டி தொலையலாம், அங்கே இன்சுலின் உறைந்தும் போகலாம்.

திரும்பி வரும் பயணத்துக்கும் இதே கணக்குதான், திசை மட்டும் மாறும். 2 வாரத்துக்கு மேல் தங்கியிருந்தால் புது ஊர் நேரத்தையே வீட்டு நேரமாக வைத்துத் திருப்பு நேரத்தைக் கணக்கிட வேண்டும். 3 நாளில் திரும்பினால் பிள்ளையின் கடிகாரம் பாதி வழியில்தான் நிற்கும். திரும்பும் நாள் காலையில் அது தானாக எழுந்த மணியிலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் அப்போதைய திருப்பு நேரம் கிடைக்கும்.

கடிகாரம் ஊரோடு ஒத்துவிட்டதா என்பதை இரவுத் தூக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது, களைப்பிலும் பிள்ளை தூங்கும். யாரும் எழுப்பாமல், அடுத்தடுத்து இரண்டு காலைகளில், வேண்டிய மணிக்கு அரை மணி முன்பின்னாகத் தானே எழுந்தால் மூளைக் கடிகாரம் வந்து சேர்ந்துவிட்டது. காலைச் சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவதும் வயிறு வழக்கமான நேரத்துக்குக் கழிவதும் இன்னும் ஓரிரு நாள் பிந்தும். அதுவரை மலச்சிக்கலுக்கோ அகால வயிற்றுப்போக்குக்கோ அவசரப்பட்டு மருந்து தேட வேண்டாம். தண்ணீரும், நேரம் தவறாத சாப்பாடும், பகலில் ஓடியாட இடமும் கொடுத்தால் குடலும் ஊர் வந்து சேரும். வயிற்றுப்போக்கோடு காய்ச்சலோ, மலத்தில் இரத்தமோ, வாய் வறண்டு சிறுநீர் குறைவதோ தெரிந்தால் அது ஜெட் லாக் அல்ல; அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.